மனநலப் பக்கம்: மனச்சோர்வு ஸ்கேனில் தெரியுமா?

சென்ற இதழில் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூளை ஸ்கேனைப் பற்றியும் ஹார்மோன்களைப் பற்றியும் கேட்டிருந்ததால், இந்த இதழின் பக்கத்தை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் அக்காவுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சரியான தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்லாம் இயல்பாக உள்ளது என்று அறிக்கை வந்தது. அன்றிலிருந்து புகுந்த வீட்டார், "ஸ்கேனிலேயே ஒன்றுமில்லை, வேலை செய்யப் பிடிக்காமல் நடிக்கிறாள்" என்று பேசுகிறார்கள். ஸ்கேன் இயல்பாக இருந்தால் நோய் இல்லை என்றுதான் பொருளா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. உங்கள் அக்காவின் அறிக்கையில் "இயல்பு" என்று எழுதியிருப்பதற்கு, கட்டி இல்லை, இரத்தக்கசிவு இல்லை, இரத்தக்குழாய் அடைப்பின் தடம் இல்லை, கதிரியக்க மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய வேறு கோளாறு எதுவும் இல்லை என்பதுதான் பொருள். தலைவலிக்காக எடுத்த படத்தில் அவர் தேடியவை அவைதாம். மனச்சோர்வை அந்தப் படத்தில் அவர் தேடவில்லை. தேடியிருந்தாலும் கண்டிருக்க முடியாது.

அப்படியானால் மனச்சோர்வு நோயாளிகளின் மூளையில் மாற்றங்கள் உள்ளன என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யல்ல. அந்த மாற்றங்கள் ஒன்று முதல் ஐந்து சதவீதம் என்ற அளவில் இருப்பவை. பலரது படங்களை அளந்து, நோயுற்றவர்களின் சராசரியையும் நலமானவர்களின் சராசரியையும் ஒப்பிட்டால் மட்டுமே புலப்படுபவை. ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவின் கணக்கு மதிப்பெண் சராசரி 65, ‘ஆ’ பிரிவின் சராசரி 62 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு இருப்பது உண்மை. ஆனால் 63 மதிப்பெண் வாங்கிய ஒரு விடைத்தாளை மட்டும் கையில் கொடுத்து, இது எந்தப் பிரிவு மாணவருடையது என்று கேட்டால் தலைமையாசிரியராலும் சொல்ல முடியாது. மூளை அளவுகளின் நிலையும் இதுவே. நலமானவர்களின் அளவுகளும் நோயுற்றவர்களின் அளவுகளும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

மனச்சோர்வு நோய் என்பது நோயாளி சொல்வதைக் கேட்டும், வீட்டார் சொல்வதைக் கேட்டும், எத்தனை நாளாக, எவ்வளவு கடுமையாக என்று விசாரித்தும் மருத்துவர் கண்டறிவது. உங்கள் அக்காவின் மருத்துவர் அதைச் செய்துவிட்டார். அந்த ஸ்கேன் அறிக்கையை வைத்து அவருடைய முடிவை மறுப்பது, கண் பரிசோதனை அறிக்கையைக் காட்டிக் காது கேட்கிறது என்று வாதிடுவதைப் போன்றது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அக்காவின் கணவரையும், முடிந்தால் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நடிப்பு என்ற அந்தச் சொல் ஏற்கெனவே குற்றவுணர்வில் புழுங்கும் ஒருவருக்கு என்ன செய்யும் என்பதை மருத்துவர் வாயால் அவர்கள் கேட்க வேண்டும்.

கேள்வி: மனச்சோர்வு நோயாளிகளுக்கு ஹைபோதலாமஸ் பெரிதாக இருக்கும் என்று ஒரு செய்தியில் படித்தேன். ஹைபோதலாமஸுக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு? அதை எப்படி அளந்தார்கள்?
— உயிரியல் மாணவர், திருச்சி

பதில்: நீங்கள் படித்தது ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினரும் அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையினரும் சேர்ந்து செய்து 2018இல் வெளிவந்த ஆய்வாக இருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் தொடர்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஹைபோதலாமஸ் மூளையின் அடிப்பகுதியில், நடுக்கோட்டின் இருபுறமும் அமைந்த மிகச் சிறிய பகுதி. முழு மூளையில் அரை சதவீதம்கூட இல்லை. தூக்கம், பசி, உடல் வெப்பம், பாலுணர்வு, மன அழுத்தத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பு. இவற்றில் பெரும்பாலானவை மனச்சோர்வில் குலைந்துபோகின்றன என்பதைக் கவனியுங்கள். அச்சமோ நெருக்கடியோ வரும்போது ஹைபோதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சற்றுக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அதைப் பெற்று கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கின்றன. கார்டிசால் போதுமான அளவு வந்ததும், அதுவே மூளைக்குத் திரும்பிச் சென்று, "போதும், நிறுத்து" என்று ஹைபோதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் சொல்லிவிடுகிறது. கடுமையான மனச்சோர்வில் பலருக்கு இந்தத் தடை சரிவர இயங்குவதில்லை. நெருக்கடி தீர்ந்த பிறகும் சுரப்பு தொடர்கிறது.

ஓயாமல் வேலை செய்யும் உறுப்பு பருக்கும் என்ற எண்ணத்திலிருந்துதான் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் படமெடுத்து அளக்கும் முயற்சிகள் தொடங்கின. அட்ரீனலையும் பிட்யூட்டரியையும் 1990களிலேயே அளந்துவிட்டார்கள். ஹைபோதலாமஸ் மட்டும் நெடுநாள் கைக்கு அகப்படவில்லை. காரணம், அது சிறியது என்பதோடு, எல்லை தெளிவில்லாதது; சுற்றியுள்ள திசுவிலிருந்து அதைப் பிரித்துக்காட்டும் வரப்பு எதுவும் சாதாரணப் படத்தில் தெரிவதில்லை. நம் ஊர் ஸ்கேன் மையங்களில் இருப்பவை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தப்புலம் கொண்ட கருவிகள். லைப்சிக் குழுவினர் 7 டெஸ்லா கருவியைப் பயன்படுத்தினார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் அது படமெடுக்கும்.

அவர்கள் 84 பேரை ஆராய்ந்தார்கள். மருந்து எடுக்காத மனச்சோர்வு நோயாளிகள் 20 பேர், மருந்து எடுத்துவந்த மனச்சோர்வு நோயாளிகள் 20 பேர், மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் 21 பேர், நலமானவர்கள் 23 பேர். நோயுற்றோரிடம் இடப்பக்க ஹைபோதலாமஸ் சராசரியாக ஏறத்தாழ 5 சதவீதம் பெரிதாக இருந்தது. மருந்து எடுத்தவர், எடுக்காதவர் என்ற வேறுபாடு இன்றி இது காணப்பட்டது.

இந்த முடிவுக்கு வலுச் சேர்க்கும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து மூளை ஆய்வு நிறுவனத்தினர், இறந்தவர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மனச்சோர்வுடன் வாழ்ந்து மறைந்தவர்களின் ஹைபோதலாமஸில் சி.ஆர்.எச். சுரக்கும் நரம்பணுக்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்ததாக 1994இல் தெரிவித்தார்கள். புதிய அணுக்கள் பிறந்துவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அடங்கியிருந்த அணுக்களும் சுரக்கத் தொடங்கின என்பதே பொருத்தமான விளக்கம். ஆனால் இறந்தவர்களின் மூளையை அளந்த வேறு ஆய்வில் ஹைபோதலாமஸ் சிறுத்திருந்ததாகவும் முடிவு வந்திருக்கிறது. 84 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வைக் கொண்டு வழக்கை முடித்துவிட முடியாது என்று நான் கருதுகிறேன். படத்தில் தெரியும் 5 சதவீதம் எதனால் ஆனது, ஏன் இடப்பக்கம் என்பவற்றை ஸ்கேன் சொல்லாது. அது அளவைத்தான் காட்டும்.

கேள்வி: எனக்கு வயது 34. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறேன். ஒற்றைத் தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் "பிட்யூட்டரி சுரப்பி சற்றே பருத்துள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். மனச்சோர்வால்தான் இப்படி ஆனதா? பயமாக இருக்கிறது.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் பயத்தைச் சற்று இறக்கி வையுங்கள். பிட்யூட்டரி கொண்டைக்கடலை அளவே உள்ள சுரப்பி. வாழ்நாளில் அது பலமுறை பருத்துச் சிறுக்கிறது. பருவமடையும் வயதில் பருக்கிறது. கர்ப்ப காலத்தில் நன்றாகவே பருக்கிறது. பொதுவாகப் பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கிறது.

மனச்சோர்வில் பிட்யூட்டரி பெரிதாக இருக்கிறது என்று முதலில் எம்.ஆர்.ஐ. மூலம் காட்டியவர்களில் முக்கியமானவர், சென்னையில் மருத்துவம் படித்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனநலத் துறையில் பணியாற்றிய கே. ரங்கா கிருஷ்ணன். அவருடைய குழுவின் ஆய்வு 1991இல் வெளிவந்தது. பின்னாளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அங்கே டியூக் நிறுவிய மருத்துவக் கல்லூரியின் தலைவராகவும் அவர் இருந்தார். ஆனால் அந்த ஆய்வும் குழுக்களின் சராசரியைப் பற்றியதே. உங்கள் ஒருவரது சுரப்பி பருத்திருப்பதற்கு மனச்சோர்வைக் காரணமாகச் சொல்லி நான் கடந்துபோனால், கவனிக்க வேண்டிய வேறொன்றைத் தவறவிட்டவன் ஆவேன்.

தைராய்டு சுரப்பு நெடுநாள் குறைந்திருந்தால் பிட்யூட்டரி பருக்கும். தைராய்டு குறைவு மனச்சோர்வைப் போலவே களைப்பையும் மந்தத்தையும் ஆர்வமின்மையையும் உண்டாக்கும். தைராக்ஸின் மாத்திரை தொடங்கினால் பருத்த சுரப்பி பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பும். ஆகவே உங்களுக்குத் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனின் அளவையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் தவறுகிறதா, மார்பில் பால் கசிகிறதா, பக்கவாட்டுப் பார்வை மங்குகிறதா என்பதையும், நீங்கள் எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மனநல மருந்துகளே புரோலாக்டினை உயர்த்தும். இன்னொன்று: எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் மூளையை ஸ்கேன் செய்தாலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சிறிய, தீங்கில்லாத புள்ளியோ நீர்க்கட்டியோ தென்படுகிறது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மனச்சோர்வுச் சிகிச்சையை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: மூளையை ஸ்கேன் செய்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். மகனுக்கு எடுக்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். மனச்சோர்வை உறுதிசெய்யும் ஸ்கேன் எதுவும் இன்று மருத்துவ நடைமுறையில் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மனநல மருத்துவரின் ஆலோசனைக்கும், அவர் கேட்டால் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 ஆகிய இரத்தப் பரிசோதனைகளுக்கும் செலவிடுங்கள். புதிதாக வலிப்பு, கைகால் பலவீனம், நினைவுக் குழப்பம் போன்றவை சேர்ந்திருந்தாலோ, முதுமையில் முதல்முறையாக மனச்சோர்வு வந்தாலோ மருத்துவரே ஸ்கேன் எழுதிக் கொடுப்பார்.

கேள்வி: ஏழு ஆண்டுகளில் மூன்று முறை மனச்சோர்வு வந்து மீண்டவன் நான். ஒவ்வொரு முறையும் மூளை சுருங்கிவிடும் என்று ஒருவர் சொன்னார். சுருங்கியது மீளாதா?
— ஆசிரியர், மதுரை

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்த அச்சம் உங்களைப் போன்ற பலருக்கு இருப்பது எனக்குத் தெரியும் என்பதால், அறிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. அட்ரீனல் சுரப்பியைப் பற்றிய ஓர் ஆய்வு 1995இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மனச்சோர்வு கடுமையாக இருந்த 11 நோயாளிகளின் அட்ரீனல் சுரப்பிகளை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்தார்கள், நலமானவர்களின் சுரப்பிகளைவிட அவை ஏறத்தாழ 70 சதவீதம் பெரிதாக இருந்தன. சிகிச்சை பலித்து நோய் தணிந்தபின் அதே நோயாளிகளை மீண்டும் படமெடுத்தபோது, சுரப்பிகள் நலமானவர்களின் அளவுக்கே வந்திருந்தன. 11 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் அதே ஆளை நோயின்போதும் மீண்ட பின்னும் அளந்தது அந்த ஆய்வின் பலம். என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் ஆய்வு அது.

சுருங்குவதாக உங்களிடம் சொன்னவர் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைக் குறிப்பிட்டிருக்கக்கூடும். நினைவைப் பதியவைக்கும் பகுதி அது. கார்டிசால் அதிகமானால் ஹைபோதலாமஸை அடக்குவதிலும் அதற்குப் பங்குண்டு; கார்டிசாலின் தாக்குதலுக்கு எளிதில் ஆளாவதும் அதுவே. 1996இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர், பலமுறை மனச்சோர்வு வந்து மீண்ட பெண்களின் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதையும், நோயில் கழிந்த காலம் கூடக்கூட அது மேலும் சிறுத்திருப்பதையும் கண்டார்கள். பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி, 1,728 நோயாளிகளையும் நலமான 7,199 பேரையும் ஒப்பிட்டபோது, அந்த வேறுபாடு சராசரியாக ஒன்றே கால் சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு என்று தெரிந்தது. முதல்முறை நோயுற்றவர்களிடம் வேறுபாடு காணப்படவில்லை. திரும்பத் திரும்ப நோயுற்றவர்களிடமும் 21 வயதுக்கு முன்பே நோய் தொடங்கியவர்களிடமும்தான் காணப்பட்டது. மூளை சுருங்கிவிடும் என்ற சொற்கள் எழுப்பும் காட்சிக்கும் இந்த எண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை ஓர் ஆசிரியராகிய நீங்கள் உணர்வீர்கள்.

மீளுமா என்பதற்குப் பக்கத்து வீட்டுச் சான்று ஒன்று உண்டு. குஷிங் நோயில், பெரும்பாலும் பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டியால், கார்டிசால் அளவின்றிச் சுரக்கிறது. அந்நோயாளிகளில் கணிசமானோருக்கு மனச்சோர்வும் வருகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் அவர்களுடைய ஹிப்போகாம்பஸை அளந்து, கார்டிசால் உயர்ந்தவர்களுக்கு அது சிறுத்திருப்பதை 1992இல் காட்டினார்கள். கட்டிக்குச் சிகிச்சை செய்து கார்டிசால் இறங்கியபின், சிலருக்கு ஹிப்போகாம்பஸ் 10 சதவீதம் வரை வளர்ந்ததை 1999இல் அதே குழு தெரிவித்தது. குஷிங் நோயும் மனச்சோர்வும் ஒன்றல்ல. ஆனால் கார்டிசாலால் சிறுத்த பகுதி, கார்டிசால் அடங்கினால் மறுபடி வளரும் தன்மை உடையது என்பதற்கு இது நேரடிச் சான்று.

செயின்ட் லூயிஸ் குழுவே 2003இல் மற்றொன்றையும் சொன்னது: ஹிப்போகாம்பஸின் சிறுத்த அளவோடு தொடர்புடையதாக இருந்தது சிகிச்சையின்றிக் கழிந்த மனச்சோர்வு நாள்கள்தாம், மருந்தோடு கழிந்த நாள்கள் அல்ல. நீங்கள் மூன்று முறையும் சிகிச்சை பெற்றிருக்கிறீர்கள். நான்காவது முறை வராமல் தடுக்க எத்தனை காலம் மருந்தைத் தொடர வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே, நலமாக இருக்கும்போதே, பேசி முடிவு செய்யுங்கள். மூன்று முறை வந்தவர்களுக்கு நீண்ட காலத் தடுப்புச் சிகிச்சையை நாங்கள் பெரும்பாலும் பரிந்துரைப்போம்.

கேள்வி: கார்டிசால்தான் குற்றவாளி என்றால் அதைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுத்தால் போதாதா?
— வாசகர், ஈரோடு

பதில்: பலரும் முயன்ற வழி இது. மியூனிக் நகர மாக்ஸ் பிளாங்க் மனநல மருத்துவ நிறுவனத்தில், சி.ஆர்.எச். ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மருந்தொன்றை 20 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நம்பிக்கையூட்டும் முடிவை 2000இல் வெளியிட்டார்கள். கல்லீரல் பாதிப்பு குறித்த ஐயத்தால் அந்த மருந்து கைவிடப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தைப் பெரிய அளவில் சோதித்தபோது, வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. கார்டிசால் செயல்படுவதைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன், குஷிங் நோயில் உயரும் இரத்தச் சர்க்கரைக்காக அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. மனச்சோர்வில் அதன் சோதனைகள் எதிர்பார்த்த பலனை எட்டவில்லை.

எல்லா மனச்சோர்வு நோயாளிகளுக்கும் கார்டிசால் உயர்ந்திருப்பதில்லை என்பதே இதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. டெக்ஸாமெதசோன் என்ற மாத்திரையை இரவில் கொடுத்து, மறுநாள் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை 1981இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் மனச்சோர்வைக் கண்டறியும் வழியாகவே முன்வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ள கணிசமானோருக்கு அது அடங்கவில்லை. ஆனால் பலருக்கு அடங்கியது. மனச்சோர்வே இல்லாத வேறு நோயாளிகள் சிலருக்கும் அடங்கவில்லை. அதனால் அச்சோதனை கண்டறியும் கருவியாக நிலைக்கவில்லை. மனச்சோர்வு என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட உடல்நிலைகள் அடங்கியிருக்கின்றன. ஹார்மோன் சங்கிலி யாருக்குக் குலைந்திருக்கிறது என்று முன்கூட்டியே பிரித்தறிந்து அவர்களுக்கு மட்டும் இத்தகைய மருந்துகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஹைபோதலாமஸ் படங்கள் என்றாவது பயன்படுமானால் அந்த இடத்தில்தான் பயன்படும்.

கேள்வி: என் மகள் மனச்சோர்வு மாத்திரையால் மூளை வீங்கிவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, பத்து நாளாக மாத்திரையைத் தொடவில்லை. என்ன செய்வது?
— தாய், திருநெல்வேலி

பதில்: மகள் படித்தது லைப்சிக் ஆய்வின் திரிந்த வடிவமாக இருக்கலாம். மேலே சொன்னதை அவரிடம் காட்டுங்கள்: அந்த ஆய்வில் மருந்தே எடுக்காத 20 நோயாளிகளிடமும் அதே பெருக்கம் இருந்தது; மருந்து அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஐந்து சதவீத அளவு வேறுபாட்டை வீக்கம் என்றும் சொல்லக்கூடாது.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரலாம். சில வாரங்களில் நோயும் திரும்பலாம். மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். விட்ட மாத்திரையைப் பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எந்த அளவிலிருந்து தொடங்குவது என்று கேளுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பது போன்ற பேச்சு அவரிடமிருந்து வந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.